ஒரு நோயா, பல நோய்களா? யாழ்ப்பாணத்து மருத்துவச் சிந்தனையில் நோய்நிர்ணயம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழிலக்கிய வரலாறு எழுதியோர் யாழ்ப்பாணத்து நூற்றொகையைப் பற்றிக் கூறும்போது புராணம், பள்ளு, அந்தாதி, கண்டன நூல்கள் என்ற வரிசையையே பெரிதும் பின்பற்றி வந்துள்ளனர். வாகடங்களும் சோதிட நூல்களும் அவ்வரிசையின் இறுதியில் ஒரு வாக்கியத்துடன் முடிந்துவிடுகின்றன. யாப்பில் அமைந்திருந்தும் அவை இலக்கியமல்ல என்பது ஒருசாரார் கருத்து. அறிவியல் என்று கொள்ளத்தக்க தகுதியும் அவற்றுக்கில்லை என்பது மறுசாரார் கருத்து. இவ்விரு சாராராலும் ஒதுக்கப்பட்ட இந்நூல்கள், ஒரு சமுதாயம் தன் உடலைப் பற்றி, உழைப்பால் தேய்ந்ததும் பசியால் மெலிந்ததுமான உடலைப் பற்றி, எவ்வாறு சிந்தித்தது என்பதைக் காட்டும் முதன்மைச் சான்றுகளாகும். இக்கட்டுரையில் அவற்றை ஒரு குறிப்பிட்ட வினாவை முன்வைத்து அணுக முற்படுகிறோம்.

வினா இதுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்தக் கிராமத்திலும் பரியாரியாரிடமோ வைத்தியசாலைக்கோ வருபவர் முதலில் கூறுவது ஒரு நோயின் பெயரன்று. "உடம்பு ஏலாமற் கிடக்குது", "தேகமெல்லாம் உளையுது", "சாப்பாட்டிலை மனமில்லை", "நித்திரை வருகுதில்லை", "உள்காய்ச்சல் மாதிரி இருக்கு" என்பனவே அவர் சொற்கள். உடலின் எந்த உறுப்பையும் இவை சுட்டுவதில்லை. எந்தவொரு நோய்க்கும் இவை தனியுரிமையானவையுமல்ல. சோகையிலும், கசரோகத்திலும், சலரோகத்திலும், நெருப்புக் காய்ச்சலின் தொடக்கத்திலும், மனச்சோர்விலும், வெறும் பட்டினியிலும் இதே சொற்கள் வரும். இவற்றைக் கேட்ட வைத்தியர் அவற்றின் பின்னால் ஒரு நோயைத் தேடினாரா, ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் ஒருங்கே நிற்கலாம் என்று கொண்டாரா? ஒவ்வொரு காலகட்டத்திலும் இவ்வினாவுக்கு வழங்கப்பட்ட விடை அக்காலத்து மருத்துவ அறிவால் மாத்திரம் தீர்மானிக்கப்பட்டதன்று என்பதே நமது கருத்து. யாருடைய உடல், யார் கேட்டது, எதற்காகக் கேட்டது என்பனவும் அதனைத் தீர்மானித்தன.

யாழ்ப்பாண அரசர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற சிம்மாசனப் பெயர்களை மாறிமாறிச் சூடியவர்கள். அவர்தம் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய இரண்டும் இப்பிரதேசத்தின் தலையாய வைத்திய நூல்கள். 1619இல் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றிய பின்னரும் இவை பரம்பரைப் பரியாரிமாரின் ஏடுகளில் வாழ்ந்தன. இருபதாம் நூற்றாண்டில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவற்றை அச்சுக்குக் கொண்டுவந்தார். பரராசசேகரம் 1928 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. சுவாமிநாதையருக்கும் தாமோதரம்பிள்ளைக்கும் பதிப்பு வரலாற்றில் நாம் கொடுக்கும் இடத்தின் ஒரு சிறு கூறேனும் இவருக்குக் கொடுக்கப்படவில்லை என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லிவைக்கலாம்.

இம்மரபின் அடிப்படை வாதம், பித்தம், சிலேட்டுமம் என்ற மூன்று. அம்மூன்றும் ஒன்று, அரை, கால் என்ற மாத்திரை அளவில் நாடியில் நடப்பது சமநிலை. அளவு பிறழ்வது நோய். நோய்கள் 4,448 என்பது மரபுக் கணக்கு. இதனைப் பலர் ஒரு பட்டியலாக மாத்திரம் பார்த்துவிட்டு அகன்றுவிடுகின்றனர். ஆயின் இம்மரபின் நுட்பம் பட்டியலில் இல்லை. தொந்தம் என்ற கருத்தாக்கத்தில் உள்ளது. இரு குற்றங்கள் ஒருங்கே பிறழ்ந்து நிற்பது தொந்தம். வாதபித்தமும் பித்தவாதமும் ஒன்றல்ல என்று இம்மரபு கொள்கிறது: எது முந்தியது, எது பின்வந்து சேர்ந்தது என்பதனால் நாடியும் வேறுபடும், மருந்தும் வேறுபடும். மூன்றும் ஒருங்கே கெட்டால் அது சன்னிபாதம். பேச்சுவழக்கில் காய்ச்சலின் உச்சத்தில் வரும் பிதற்றலை நாம் 'சன்னி' என்று சொல்வது இதன் எச்சமே. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வும் ஓர் அறிகுறியைக் கொண்டு முடிவுக்கு வராதே என்ற எச்சரிக்கையின் நிறுவனமயப்பட்ட வடிவம் எனலாம்.

வடமொழி ஆயுர்வேத மரபில் இச்சிந்தனை இன்னும் வெளிப்படையாக அமைந்துள்ளது. ஒரு நோயே மற்றொரு நோய்க்குக் காரணமாகலாம். காய்ச்சலின் வெம்மையிலிருந்து இரத்தபித்தம் எழலாம். முந்திய நோய் பிந்தியதைத் தோற்றுவித்துவிட்டு அடங்கவும் கூடும், அடங்காது இரண்டும் ஒருங்கே நிற்கவும் கூடும் என்று சரக சங்கிதையின் நிதானப் பகுதி பேசுகிறது. நோயின் பெயரைக் கூற இயலாமற் போவதற்காக வைத்தியர் நாணவேண்டியதில்லை என்றும் அந்நூல் வேறோரிடத்தில் கூறுகிறது. பெயரிடுதல் நோயறிதலின் முடிவன்று என்ற இந்நிலைப்பாடு, பெயரிட்டவுடன் வேலை முடிந்தது என்று எண்ணும் இக்காலப் போக்குக்கு நேர்மாறானது.

இவ்வளவும் கூறியதனால், எல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே என்று மார்தட்டும் கூட்டத்தோடு நாமும் சேர்ந்துவிட்டதாகக் கருதவேண்டியதில்லை. தொந்தக் கோட்பாடு பன்மையை ஏற்றுக்கொள்கிறது. ஆயின் அப்பன்மை ஒரு மூடிய வட்டத்துக்குள் நிகழ்வது. எத்தனை நோய் சேர்ந்தாலும் அவை மூன்றின் கலவைகளே. எனவே எந்தக் குணங்குறித் தொகுதிக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். எதையும் விளக்கவல்ல கோட்பாடு எதையும் தவறென்று காட்டவல்லதன்று. ஒரு கிணற்று நீரைப் பருகிய பத்துக் குடும்பங்களுக்கு ஒரே கிழமையில் வாந்திபேதி வந்தால், பத்து உடல்களிலும் தனித்தனியாகக் குற்றம் பிறழ்ந்ததை அது கூறுமேயன்றி, கிணற்றைக் காட்டித்தராது. உடலுக்குள் எத்துணை நுட்பமாகப் பார்த்ததோ, உடலுக்கு வெளியே அத்துணை குருடாக இருந்தது. இக்குருட்டுத்தன்மைக்கு ஒரு சமூகத் தளம் உண்டு. அறிவு பரம்பரைச் சொத்தாக, ஏட்டில் மறைபொருளாக, தந்தை மகனுக்கு உரைப்பதாக இருந்த நிலவுடைமைச் சமுதாயத்தில், வைத்தியர் தனி உடலைக் கண்டாரேயன்றி மக்கள்தொகையைக் காணவில்லை. கிணற்றைப் பற்றிக் கேட்பதாயின் கிணறு யாருடையது என்றும் கேட்க நேரிடும்.

அமெரிக்க மிஷனரியான ஜோன் ஸ்கடர் 1819இன் இறுதியில் இலங்கையை அடைந்து பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கினார். எனினும் மேனாட்டு மருத்துவம் யாழ்ப்பாணத்தில் தமிழோடு உறவு கொண்டது 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் காலத்தில்தான். மானிப்பாயை மையமாகக் கொண்டு அவர் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். 1860களின் நடுப்பகுதியிலிருந்து தமிழிலேயே பயிற்றினார். மாணவர் பலருக்கு டன்வர்த், சாப்மன் என்றெல்லாம் அமெரிக்கப் பெயர்கள் சூட்டப்பட்டன. பெயரைப் பறித்த அதே நிறுவனம் பாடமொழியாகத் தமிழைக் கொடுத்தது. வரலாற்றின் முரண்கள் இத்தகையன. இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. 'அங்காதிபாதம்' மரபு வைத்தியத்தில் முன்னரே வழங்கிய சொல். 'கெமிஸ்தம்' ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதி பூட்டியது. இவ்விரு எல்லைகளுக்கிடையில் கிறீன் ஒரு கலைச்சொல் மரபையே உருவாக்கினார். அவரது தமிழ்ப்பணியைக் கவிஞர் அம்பி விரிவாக எழுதியுள்ளார். அதனை இங்கு மீட்டுரைக்க வேண்டியதில்லை.

நமது வினாவுக்கு முக்கியமானது வைத்தியாகரம். அது ஹூப்பரின் ஆங்கில மருத்துவக் கைந்நூலின் வழிவந்தது. அது பிறந்த காலத்தைக் கவனிக்கவேண்டும். 1850ஐ அடுத்துத்தான் வில்லியம் ஜென்னர் தைபசு வேறு, தைபொயிட்டு வேறு என்று தெளிவுறக் காட்டியிருந்தார். காய்ச்சலை வெப்பமானியால் நாள்தோறும் அளந்து வரைபடமாக்கும் முறையை வுண்டர்லிச் 1868இல் நூலாக வெளியிட்டார். அதுவரை காய்ச்சல் ஒரு நோய். அதன் பின்னர் அது பல நோய்களுக்குப் பொதுவான ஒரு குணங்குறி. யாழ்ப்பாணத்துப் பரியாரியாருக்குச் 'சுரம்' நோய்களின் அரசன். கிறீனின் மாணவனுக்கோ அது ஒரு கதவு. அதற்கப்பால் எந்த நோய் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். இம்மாற்றத்தை மொழிபெயர்ப்பின் வெற்றி தோல்வியாக மாத்திரம் நோக்குதல் போதாது. நோய் என்பதன் பொருளே தமிழில் மாறிய கணம் இது.

ஆயின் இம்மாற்றம் நடுவழியில் நின்றுவிட்டது. கிறீன் 1873இல் நாடு திரும்பினார், 1884இல் மறைந்தார். மலேரியா ஒட்டுண்ணியை லவரான் 1880இலும், கசரோகக் கிருமியைக் கொக் 1882இலும் கண்டனர். 1883, 84இல் வாந்திபேதிக் கிருமி பற்றிய கொக்கின் ஆய்வு வந்தது. அதாவது, நவீன மருத்துவத்தின் மிகப்பெரிய புரட்சி நிகழ்ந்த பத்தாண்டிலே தமிழ்வழி மருத்துவக் கல்வி தன் ஆசானை இழந்து தளர்ந்துகொண்டிருந்தது. 1870இல் கொழும்பில் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியின் மொழி ஆங்கிலம். குடியேற்ற அரசின் உத்தியோகத்துக்கு வழியும் அதுவே. நோய்களைப் பிரித்தறியும் மொழி தமிழில் உருவாகி, ஏன் பிரிக்கவேண்டும் என்பதற்கான காரணம் தமிழில் வருமுன்னர், கதவு சாத்தப்பட்டது. இன்றும் கிராமத்து மக்கள் உரையாடலில் 'வாய்வு' என்ற சொல் நெஞ்சு வலி முதல் மூட்டு வலி வரை அனைத்தையும் தாங்கிநிற்பதற்கு இவ்விடைமுறிவும் ஒரு காரணமாகலாம்.

அக்காலத்து மேனாட்டு மருத்துவமும் கலப்பு நோய் என்னும் சிக்கலைத் தீர்த்திருந்ததெனக் கூறுவதற்கில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல், வூட்வர்ட் என்னும் இராணுவ மருத்துவர் 'தைபோ மலேரியாக் காய்ச்சல்' என்றொரு பெயரை உருவாக்கினார். படைவீரரிடம் கண்ட காய்ச்சல்கள் ஒன்றிலும் அடங்காதனவாகவும் இரண்டின் இயல்பையும் கொண்டனவாகவும் இருந்தமையே காரணம். 1896இல் விடால் பரிசோதனை வந்த பின்னர், இப்பெயரால் அழைக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை வெறும் தைபொயிட்டு என்று தெரியவந்தது. பெயர் மெல்ல மறைந்தது. இந்நிகழ்ச்சி நமது தொந்தக் கோட்பாட்டின் மேனாட்டு உடன்பிறப்பு. இரண்டு நோய்கள் ஒருவரிடம் ஒருங்கே நிற்பது வேறு. இரண்டையும் குழைத்து மூன்றாவதாக ஒரு நோயை ஆக்கிக்கொள்வது வேறு. முன்னது நோயறிதல். பின்னது அறியாமைக்கு ஒரு பெயர்.

குடாநாட்டில் ஆறுகள் இல்லை. சுண்ணக்கற் பாறையினூடே மழைநீர் இறங்கித் தேங்கும் கிணறுகளே குடிநீர். இந்த எளிய புவியியல் உண்மை யாழ்ப்பாணத்து நோய்வரலாற்றில் பெரும்பங்கு வகிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி மீண்டும் மீண்டும் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து சென்ற தொழிலாளரின் பாதையே நோயின் பாதையுமாயிற்று. 1850இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தொடங்கப்பட்ட நண்பர் உதவிச் சங்க வைத்தியசாலை, பிற்காலத்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் வித்து, இத்தகைய சூழலில் எழுந்தது. இலண்டனில் 1854இல் ஜோன் ஸ்னோ ஒரு நீர்க்குழாயைச் சுட்டிக்காட்டினார். யாழ்ப்பாணத்தில் கிணற்றைச் சுட்டுவது அத்துணை எளிதன்று. தாழ்த்தப்பட்ட சாதியினர் பலருக்குச் சொந்தக் கிணறு இல்லை. உயர்சாதியார் கிணற்றில் துலா மிதித்து அள்ளும் உரிமையும் இல்லை. வேலியோரம் குடத்துடன் காத்திருந்து யாரேனும் வார்த்தால் பெறவேண்டும். அல்லாவிடின் குளத்து நீரும் துரவு நீருமே கதி. டொமினிக் ஜீவா தம் முதற் சிறுகதைத் தொகுதிக்குத் 'தண்ணீரும் கண்ணீரும்' என்று பெயரிட்டது அணிநலம் கருதியன்று.

இத்தகைய வாழ்நிலையிலுள்ள ஒருவர் காய்ச்சலோடு வைத்தியரிடம் வரும்போது அவரிடம் ஒரு நோய் மாத்திரம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? அசுத்த நீரால் வயிற்றுளைவு, வெறுங்காலுடன் தோட்டத்தில் நின்றதால் கொக்கிப்புழு, புழுவால் சோகை, சோகையால் களைப்பு, நெருக்கமான குடிலில் இருமல். இவற்றுள் ஒன்றைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அது சரியான நிர்ணயமே. ஆயினும் நோயாளி எழுந்து நடக்கமாட்டார்.

மேல் சைலீசியாவின் தைபசுக் கொள்ளைநோயை ஆராய 1848இல் பிரஷ்ய அரசால் அனுப்பப்பட்ட ருடொல்வ் வீர்ஷோ, தம் அறிக்கையில் மருந்துகளுக்கு மேலாக ஜனநாயகத்தையும் கல்வியையும் நிலவுடைமைப் பிரபுக்களின் ஆதிக்க ஒழிப்பையும் விதித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. எங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி எழுதியபோது அவர் கண்டதும் தனித்தனி நோய்களையல்ல. ஒரே தெருவில் காச நோயும் தைபசும் கணைநோயும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்ததையே. கிருமிக் கோட்பாடு வந்த பின்னர் இப்பார்வை பின்தள்ளப்பட்டது. ஒரு நோய், ஒரு கிருமி, ஒரு மருந்து என்ற சமன்பாட்டின் அறிவியல் மதிப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. கோடிக்கணக்கான உயிர்களை அது காத்துள்ளது. ஆயின் அச்சமன்பாடு அரசுக்கு வசதியானதாகவும் அமைந்தது. கிருமியை ஒழிக்கலாம், நிலவுறவுகளைத் தொடவேண்டியதில்லை.

இலங்கையில் இதற்கு மிகத் தெளிவான சான்று 1934, 35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய். அது யாழ்ப்பாணத்தைவிடத் தென்மேற்கு ஆற்றுப் பள்ளத்தாக்குகளையே பெரிதும் தாக்கியது. மாண்டோர் தொகை ஏறத்தாழ 80,000 என மதிப்பிடப்படுகிறது. அரசாங்கத்தின் விடை கொயினா. சூரியமல் இயக்கத்தவரான டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலிய இடதுசாரிகள் கிராமங்களுக்குச் சென்றபோது கண்டது வேறு. கொயினா கொடுத்தும் பலர் தேறவில்லை. ஏனெனில் அவர்கள் மலேரியாவோடு பட்டினியும் உடையவர்களாயிருந்தனர். வறட்சி பயிரை அழித்திருந்தது, உலகப் பொருளாதார மந்தம் கூலியைக் குறைத்திருந்தது. எனவே அவர்கள் மருந்தோடு மார்மைட்டையும் பருப்பையும் கொண்டுசென்றனர். என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தையா' என்ற பெயர் அக்காலத்தில் வந்தது. அதனை ஒரு கேலிப்பெயராகக் கொள்வாரும் உளர். நாம் அதனை, ஒருங்கே நின்ற இரு நோய்களையும் கண்டறிந்தமைக்குக் கிடைத்த பட்டமாகவே கொள்கிறோம். 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சி பிறந்ததற்கு இவ்வனுபவம் உரமாயிற்று.

மேனாட்டு மருத்துவம் தன் ஒருமைவாதத்தை உள்ளிருந்தே கேள்விக்குட்படுத்தியதையும் குறிப்பிடவேண்டும். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத் துறவி ஒக்காம் பெயரால் வழங்கும் சிக்கன விதியை மருத்துவ ஆசிரியர்கள் நெடுங்காலம் போற்றினர்: எல்லாக் குணங்குறிகளையும் விளக்கும் ஒரே நோயைத் தேடு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராயிருந்த ஜோன் ஹிக்கம் பெயரால் ஒரு மறுப்பு விதி வழங்குகிறது. நோயாளி தமக்கு விருப்பமான அளவுக்கு எத்தனை நோயையும் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். நகைச்சுவையாகச் சொல்லப்பட்டாலும் இதன் அடியிலுள்ள தருக்கம் திண்மையானது. அரிய நோய் ஒன்று எல்லாவற்றையும் விளக்குவதைவிட, பரவலான நோய்கள் இரண்டு ஒருங்கே இருப்பதே பெரும்பாலும் நிகழத்தக்கது.

எனினும் இத்தருக்கமும் ஓரெல்லையில் நின்றுவிடுகிறது. அது இரு நோய்களின் சேர்க்கையைத் தற்செயலாகக் கொள்கிறது; இரு நாணயங்களைச் சுண்டினால் இரண்டும் பூவாக விழுவதுபோல. வறியோர் உடலில் நோய்கள் அவ்வாறு சேர்வதில்லை. அவற்றைச் சேர்ப்பது ஒரே கிணறு, ஒரே பசி, ஒரே கடன். 1990களில் மெரில் சிங்கர் என்ற அமெரிக்க மானிடவியலாளர், சமூக ஒடுக்குமுறையின் நிலைமைகளில் நோய்கள் ஒன்றையொன்று வலுப்படுத்திப் பெருகுவதைக் குறிக்கச் 'சிண்டெமிக்' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். கூட்டுநோய்ப் பெருக்கு எனத் தமிழில் வழங்கலாம். வாதபித்தமா பித்தவாதமா என்று கேட்ட பரியாரியாரின் வினா, எது எதை வளர்க்கிறது என்ற வினா, இங்கு வேறொரு தளத்தில் மீண்டும் எழுகிறது. இம்முறை விடை உடலுக்கு வெளியேயும் தேடப்படுகிறது.

யாழ்ப்பாணத்தில் இவ்வினா மிகக் கொடூரமான முறையில் எழுந்தது போர்க்காலத்தில். 1978இல் இங்கு மருத்துவபீடம் தொடங்கியது. ஐந்தாண்டுக்குள் 1983 வந்தது. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் இந்திய அமைதிப் படையினர் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து நோயாளர், ஊழியர், தாதியர், வைத்தியர் என ஏறத்தாழ எழுபது பேரைக் கொன்றனர். 1990இன் பின் பொருளாதாரத் தடையால் மருந்தும் எரிபொருளும் அரிதாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. இக்காலம் முழுவதும் வைத்தியசாலைக்கு வந்தோர் கூறிய சொற்கள் மாறவில்லை: தேகம் உளையுது, தலை இடிக்குது, நெஞ்சு படபடக்குது, பெருமூச்சு வருகுது, கைகால் விறைக்குது.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் சா. சிவயோகனும் யாழ்ப்பாணத்துப் பொதுமக்களிடையே நடத்திய ஆய்வு 1994இல் பிரித்தானிய உளமருத்துவ ஏட்டில் வெளிவந்தது. ஏறத்தாழ நூறு பேரைக் கொண்ட மாதிரியில் 64 வீதத்தினரிடம் உளச்சமூகப் பாதிப்புகள் காணப்பட்டன. உடல்வழி வெளிப்படும் உளநோய்க் குறிகள் 41 வீதம், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 27 வீதம், பதகளிப்பு 26 வீதம், பெரும் மனச்சோர்வு 25 வீதம். இவ்வெண்களைப் பலர் தனித்தனியே மேற்கோள் காட்டியுள்ளனர். அவற்றைக் கூட்டிப் பார்த்தால் இவை நான்கும் மாத்திரமே 119 வருகின்றன. பாதிக்கப்பட்டோரோ 64 வீதத்தினர். அதாவது பாதிப்புற்ற ஒருவரிடம் சராசரியாக ஏறத்தாழ இரண்டு நோய்கள். அந்த எளிய கூட்டல், போர் ஒரு சமுதாயத்தின்மீது இயங்கும் முறையைப் பல பக்க வருணனைகளினும் தெளிவாகச் சொல்கிறது. உடல் உளைவு என்று வந்தவரிடம் அச்சமும் துயரும் ஒருங்கே நின்றன. ஒன்று மற்றதன் முகமூடியாக அன்றி, ஒன்றோடொன்று பின்னிய நிலையில். சோமசுந்தரம் தமிழில் எழுதிய 'மனவடு' என்னும் நூலின் வாயிலாக, கிறீனுக்குப்பின் நெடுங்காலம் தடைப்பட்டிருந்த ஒரு பணி மீண்டும் தொடங்கிற்று என்று நாம் கருதுகிறோம்: நோய் பற்றிய அறிவைத் தமிழில் ஆக்கும் பணி.

ஆயின் ஒரு பெயர் வெற்றி பெறும்போது அது பிற பெயர்களை விழுங்கத் தொடங்குகிறது. 2009இன் பின்னர் வடபகுதிக்கு வந்த உதவி நிறுவனங்கள் பலவற்றுக்கு 'மனவடு' எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் திறவுகோலாயிற்று. கணவனை இழந்தவளோ மகனைத் தேடுபவளோ "உடம்பு ஏலாது" என்று கூறினால் அது மனவடு என்று உடனே பதியப்படும் நிலை உருவாயிற்று. அவளுக்கு மனவடு இருக்கலாம், இருக்கும். அதனோடு சோகையும் இருக்கலாம். தைரொயிட்டுச் சுரப்புக் குறைவும் இருக்கலாம். அதன் குணங்குறிகளும் களைப்பு, சோர்வு, மந்தம் என்பனவே. சலரோகம் இருக்கலாம். நுண்நிதிக் கடனுக்குக் கிழமைதோறும் தவணை கட்டவேண்டிய நெருக்கடி நிச்சயமாக இருக்கிறது; அதனைப் பதிவதற்கு எந்த நோயேட்டிலும் நிரலில்லை. முன்னர் உடல் நோய் என்று கூறி மனத்தை மறைத்தோம். இப்போது மனம் என்று கூறி உடலையும் வயிற்றையும் மறைக்கிறோம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே வழக்கம்: ஏழைக்கு ஒரு நோய் போதும் என்ற வழக்கம்.

தொற்றுக் காய்ச்சல்களின் நிலையும் இதுவே. மலேரியா இலங்கையில் ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. உள்நாட்டில் தோன்றிய இறுதி நோயாளி 2012இல் பதியப்பட்டார். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காய்ச்சல் என்றதும் முதலில் வந்த பெயர் அகன்றபோது, அதன் நிழலில் நின்றவை வெளிப்பட்டன. உண்ணிக் காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உள்ளதென்பது இந்நூற்றாண்டில்தான் பரவலாக உணரப்பட்டது. அக்குளிலோ கவட்டிலோ வலியின்றிக் கிடக்கும் ஒரு கரும்பொருக்கே அதன் சிறந்த அடையாளம். நோயாளியின் ஆடையை விலக்கிப் பார்க்காத வைத்தியருக்கு அது தென்படுவதில்லை. டெங்கு ஆண்டுதோறும் மாரியுடன் வருகிறது. 2024 நவம்பர் இறுதியின் பெருவெள்ளத்தை அடுத்து டிசம்பரில் குடாநாட்டில் காய்ச்சலாலும் மூச்சுத்திணறலாலும் பலர் மாண்டபோது, முதல் நாள்களில் அது 'மர்மக் காய்ச்சல்' எனப் பத்திரிகைகளில் வந்தது. பின்னர் எலிக்காய்ச்சல் என்று பரிசோதனையால் உறுதியாயிற்று. டெங்குப் பருவத்தில் வரும் ஒவ்வொரு காய்ச்சலையும் டெங்கு என்று கொண்டு, இரத்தச் சிறுதட்டுகளை எண்ணிக்கொண்டு காத்திருந்தால், வெள்ளம் நின்ற வயலில் இறங்கியவருக்கு உரிய நுண்ணுயிர்க்கொல்லி உரிய நாளில் கிட்டாது. டெங்கும் எலிக்காய்ச்சலும் ஒருவரிடமே ஒருங்கே வருவதும் உண்டு. இங்கு வைத்தியர் கேட்கவேண்டிய கேள்வி மிகப் பழையது: என்ன வேலை செய்கிறாய், எந்தத் தண்ணீரில் நின்றாய்?

அக்கேள்விக்கான விடை நோயாளியின் மொழியில் வருகிறது, பதியப்படுவதோ ஆங்கிலத்தில். இவ்விடைவெளியில் எத்தனை குணங்குறிகள் உதிர்ந்துபோகின்றன என்பதை மருத்துவரும் மொழியியலாளரும் ஒன்றுசேர்ந்தே ஆராயமுடியும். 'உளைவு', 'அலுப்பு', 'ஏலாமை', 'விறைப்பு', 'பெருமூச்சு' என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தீவகத்திலும் எதைக் குறிக்கின்றன, எதனோடு சேர்த்துக் கூறப்படுகின்றன என்பதற்கு ஓர் அகராதி வேண்டும். அதற்கான பழைய சான்றுகளிற் பெரும்பகுதி 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தது; பரியாரிமார் வீடுகளில் எஞ்சியிருந்த ஏடுகளிற் பல இடப்பெயர்வுகளில் கைவிடப்பட்டன. அச்சில் வந்தவை இன்னும் உள. பரராசசேகரத்தின் சுரப் பகுதியையும் வைத்தியாகரத்தின் காய்ச்சற் பகுதியையும் சொல் சொல்லாக ஒப்புநோக்கும்போது, மரபுக் கலைச்சொற்களில் எவற்றைக் கிறீனும் அவர்தம் மாணவரும் ஏற்றனர், எவற்றைத் தவிர்த்தனர், தொந்தம், சன்னிபாதம் போன்ற கருத்தாக்கங்கள் அம்மொழிபெயர்ப்பில் என்னவாயின என்பன தெளிவாகும். அவ்வொப்பீட்டைப் பிறிதொரு கட்டுரையில் மேற்கொள்ளக் கருதியுள்ளோம்.